நீ அனுப்பிய வெள்ளைத் தேயிலை

மகனுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நன்றாகத்தான் இருக்கிறாய் என்பதை உன் மனைவி போடும் படங்களில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். என் முழங்கால் வலி இருந்த இடத்திலேயே இருக்கிறது. பின்பக்கத் தகரம் ஒன்று காற்றில் கழன்றது, ஆள் வைத்து அடித்தாகிவிட்டது. சௌல்தாரியில் இவ்வளவுதான் சேதி. மற்றதைப் போனில் சொல்ல நினைத்தேன். ஆனால் நான் வாயைத் திறந்ததும் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதத்தை யாரும் பாதியில் நிறுத்தி மீட்டிங் போவதில்லை, போனாலும் அது அங்கேயே காத்திருக்கும். அதனால் எழுதுகிறேன். இதைக் கோயில் திருவிழா மலருக்கும் கொடுக்கப் போகிறேன். பதறாதே, உன் பெயரும் என் பெயரும் இதில் இருக்காது. மலர் போடுகிறவர்கள் வருஷா வருஷம் வந்து, கச்சால் தீவில் வாழ்ந்ததைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள் அக்கா என்று கேட்கிறார்கள். நான் இதுவரை கொடுத்ததில்லை. இந்த வருஷம் கொடுக்க விஷயம் இருக்கிறது. நம் ஆட்கள் வீடுகளில் உன்னைப் போல ஒரு பிள்ளையாவது இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்தத் தாய்மாரும் படிக்கட்டும்.

முதலில் தேயிலையைப் பற்றிச் சொல்கிறேன். நீ கேட்டது அதைத்தானே. "குடிச்சுப் பாத்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லும்மா" என்று மெசேஜ் போட்டிருந்தாய். இன்டர்நெட்டில் ஆர்டர் செய்ததால் வீட்டு வாசலுக்கே வந்துவிடும் என்று நீ நினைத்திருப்பாய். மெயின்லேண்டுக்குப் போய் இத்தனை வருஷத்தில் அந்தமான் பின்கோடு என்றால் என்ன என்பதை மறந்துவிட்டாய். பார்சல் வருவதற்குள் மழைக்காலமே ஆரம்பித்துவிட்டது. ஒருநாள் கூரியர்காரர் போன் செய்து, சௌல்தாரி வரை வண்டி வராது, போர்ட் பிளேயர் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று இந்தியில் சொன்னார். பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன். பெரிய அட்டைப் பெட்டிக்குள் சின்ன அட்டைப் பெட்டி, அதற்குள் ஒரு தகர டப்பா. டப்பாவின் மேல் கூடை சுமந்த ஒரு பெண்ணின் படம். மூக்குத்தி போட்டு, தலையில் துணி கட்டி, பல் தெரியச் சிரிக்கிறாள். பக்கத்தில் இருந்த ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். பெண்களின் கைகளால் ஒவ்வொன்றாகப் பறிக்கப்பட்ட அரும்புகள் என்று போட்டிருந்தது. அந்தப் பெண்ணைப் பிறகு பார்ப்போம். நீ மறந்தாலும் நான் அவளை மறக்கப் போவதில்லை.

டப்பாவைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்தது எல்லாம் வெள்ளை வெள்ளையாக, மேலே பஞ்சு போலப் படர்ந்து கிடந்தது. இந்தத் தீவில் மழைக்காலத்தில் செருப்பு பூஞ்சை பிடிக்கும், பெல்ட் பிடிக்கும், சாமி படத்துக் கண்ணாடிக்குப் பின்னால்கூடப் பிடிக்கும். இத்தனை தூரம் வந்த தேயிலைக்குப் பிடிக்காதா? கடைக்காரன் பழைய சரக்கை உன் தலையில் கட்டிவிட்டான் என்று முடிவு செய்தேன். தூக்கிப் போட மனம் வரவில்லை. வெயில் எட்டிப் பார்த்த ஒரு காலையில் பாதியை முறத்தில் கொட்டி, பழைய வேட்டித் துணியில் போட்டு, வெள்ளை போகும் வரை தேய்த்தேன். தேய்த்ததில் பாதி துணியோடு போயிற்று. மீதியைப் புடைத்துக் காயவைத்து, பால் ஊற்றி, இஞ்சி தட்டி, சர்க்கரை போட்டுக் கொதிக்க வைத்தேன். பக்கத்து வீட்டு வங்காளி தீதியைக் கூப்பிட்டு, மகன் அனுப்பிய ஒசத்தியான டீ என்று பெருமையாக ஒரு தம்ளர் கொடுத்தேன். அவள் ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். தம்ளருக்குள் எட்டிப் பார்த்து, "சாய் கஹான் ஹை?" என்றாள். டீ எங்கே என்று கேட்கிறாள். நானும் குடித்துப் பார்த்தேன். அவள் கேட்டதில் தப்பில்லை. இஞ்சி போட்ட பால்தான் இருந்தது, டீயைக் காணவில்லை.

இதை உன்னிடம் சொன்னபோது நீ சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "ஐயோ அம்மா, அது பூஞ்சை இல்ல. அரும்பு மேல இருக்கிற ரோமம். அந்த வெள்ளையாலதான் அந்த டீக்கே பேரு" என்றாய். கொதிக்கிற தண்ணீர் ஊற்றக் கூடாது, பால் கூடாது, சர்க்கரை கூடாது, கொஞ்ச நேரம் மூடி வைத்துக் குடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனாய். நானும் சிரித்தேன். உன்னோடு நான் சிரித்து நாளாகியிருந்தது. அதோடு விட்டிருந்தால் இந்தக் கடிதம் இருந்திருக்காது. சிரிப்பு அடங்கும் முன்னாலேயே நீ சொன்னாய்: "நல்லா பழகிக்கம்மா. மாமா வரப்போ இந்த டீதான் போட்டுக் குடுக்கணும். அவரு பால் டீ குடிக்க மாட்டாரு." அப்போதுதான் எனக்குப் புரிந்தது, தேயிலை எனக்கு வந்தது இல்லை. உன் மாமனார் குடிப்பதற்கு நான் கை பழக வேண்டிய சரக்கு. சரி, அதுகூடப் பரவாயில்லை. வீட்டுக்கு வரும் சம்பந்திக்குப் பிடித்ததைக் கொடுப்பது முறைதான். அடுத்து நீ சொன்னதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

அதை இங்கே அப்படியே எழுதுகிறேன். நான் கூட்டிச் சொல்கிறேன் என்று பிறகு நீ சொல்லக் கூடாது.

"முன் ரூம்ல இருக்கிற அப்பா படத்த மட்டும் உள்ள வச்சிடும்மா. ஒரு மத்தியானம்தான்."

"எந்தப் படத்த?"

"தெரியாத மாதிரி கேக்காத. லுங்கியோட, வாளி வச்சுக்கிட்டு நிக்கிறாரே, அது. சட்ட போட்டது ஒண்ணு இருக்குல்ல, அத மாட்டு."

"அது ரேஷன் கார்டுக்கு எடுத்தது. அதுல உங்கப்பா மொறச்சுக்கிட்டு இருப்பாரு."

"மொறச்சா மேனேஜர் மாதிரிதான் இருக்கும், விடு."

கெட்டிக்காரத்தனமாகப் பேசுவதில் நீ உன் அப்பா மாதிரி. என் வாயில் சிரிப்பு வந்து நின்றுவிட்டது. நல்லவேளை, வெளியே வரவில்லை.

மேனேஜர் கதை எனக்கு அன்றைக்கு முன்பே தெரியும் என்பது உனக்குத் தெரியாது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் உன் மனைவி வீடியோ காலில் வந்தாள். அவள் என்னிடம் மரியாதையாகத்தான் பேசுகிறாள், அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. "அத்தை, அப்பாவுக்கு எஸ்டேட் கதைன்னா அவ்வளவு பிடிக்குங்க. மாமா பங்களாவுல இருந்தப்போ எடுத்த போட்டோ ஏதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்டாள். எந்தப் பங்களா என்று கேட்டேன். "மேனேஜர் பங்களா அத்தை" என்றாள், நான்தான் மறந்துவிட்டேன் என்பது போல. நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லி அணைத்துவிட்டேன். அன்றைக்கு நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது. உன் பொய்க்கு நானும் ஒரு கை கொடுத்தேன் என்றால் அது அந்த ஒரு தடவைதான். இனி கொடுக்க மாட்டேன்.

போனை வைத்த பிறகு உன் கல்யாணம் நினைவுக்கு வந்தது. உன் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டதால் நான் மட்டும் கோயம்புத்தூர் வந்து இறங்கினேன். எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள், பட்டுப்புடவை வைத்துக் கொடுத்தார்கள், சம்பந்தி எனக்கு எழுந்து நின்று வணக்கம் சொன்னார். தாலிகட்டு முடிந்து சாப்பிடும்போது அவர், "உங்க தோட்டத்துல எத்தன ஆளுங்க வேலை செஞ்சாங்க?" என்று கேட்டார். நான் வெள்ளந்தியாக, "நெறையப் பேருங்க, வரிசையா கூலி வீடுங்க, எல்லாரும் ஒரே லயத்துலதான் இருந்தோம்" என்றேன். உன் முகம் ஏன் அப்படி ஆயிற்று என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. அந்த நாற்காலியும் வணக்கமும் எனக்கு வந்ததில்லை. இல்லாத ஒரு மேனேஜர் பெண்டாட்டிக்கு வந்தது. அவளுக்கு வைத்த புடவையை நான் இரண்டு வருஷமாகப் பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன்.

நீ பொய் சொல்லவில்லை என்கிறாய். அப்பா என்ன செய்தார் என்று அவர்கள் கேட்டார்கள், ரப்பர் தோட்டத்தில் இருந்தார் என்றாய், மேனேஜரா என்றார்கள், தலையை ஆட்டினாய், அவ்வளவுதான் என்கிறாய். நம்புகிறேன். உன் பக்கத்தையும் யோசித்துப் பார்த்தேன். பதினெட்டு வயதில் உன்னைக் கப்பலேற்றி அனுப்பினோம். ஹாஸ்டலில் உன்னை, அந்தமானில் வீடு உண்டா, மரத்தில் இருப்பீர்களா என்று கேட்டார்கள். நீ அழுததைப் போனிலேயே கேட்டேன். இந்த மாதிரிக் கேள்வி நமக்குப் புதிதில்லை. நான் பிறந்த சிலோன் மலைத்தோட்டத்தில் எங்களை இந்தியாக்காரர்கள் என்றார்கள். அங்கேயிருந்து அனுப்பிவிட்டார்கள், இந்தியாவுக்கு வந்தோம், சிலோன்காரர்கள் என்றார்கள். கச்சாலில் ரப்பர் மரத்தடியில் கொண்டுவந்து விட்டார்கள். இன்றைக்கு மெயின்லேண்டில் இறங்கினால் அந்தமான்காரி. ஒவ்வொரு இடத்திலும் நாம் வேறு ஊர்க்காரர்கள்தான். அதற்காக உன் அப்பாவை நான் வேறு ஆளாக மாற்றிச் சொன்னதில்லை. கேட்டவர்களுக்கு எல்லாம் ரப்பர் பால் வெட்டுகிறவர் என்றே சொன்னேன். ரேஷன் கடையில் சொன்னேன், ஆஸ்பத்திரியில் சொன்னேன், உன் பள்ளிக்கூடத்தில் இந்தியில் கேட்டார்கள், இந்தியில் சொன்னேன்.

உன் அப்பா பெரிய தொழில்காரர் என்று நான் சண்டைக்கு வரவில்லை. உண்மையைச் சொன்னால் அவர் வெட்டு அவ்வளவு நன்றாக இருக்காது. விடியும் முன்னால், தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தூக்கக் கலக்கத்தில் போவார், பட்டையை ஆழமாகச் சீவி மரத்தைக் காயப்படுத்திவிடுவார். அதற்காக மேனேஜரிடம் வாங்கிய ஏச்சு கொஞ்சமில்லை. ஏச்சு வாங்கிவிட்டு வந்து லயத்து வாசலில் நின்று, அந்த மேனேஜர் மூக்கால் பேசுவதை அப்படியே பேசிக் காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். நீயும் சிரித்திருக்கிறாய், உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு செய்வார். அந்த மனிதரைத்தான் நீ மேனேஜர் ஆக்கிவிட்டாய். அவர் கேட்டிருந்தால் இதையும் நடித்துக் காட்டிச் சிரித்திருப்பார். எனக்கு அந்தக் குணம் கிடையாது. சுனாமி அலை வந்த பிறகு கச்சாலில் நமக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்பது உனக்குத் தெரியும். அந்தப் படம்கூட இங்கே சௌல்தாரிக்கு வந்து, உறவுக்காரர் வீட்டில் இருந்த ஒன்றைப் பார்த்துப் பிரதி எடுத்தது. அவர் வேலை செய்யும்போது எடுத்த படம் வேறு இல்லை. அதைத்தான் உள்ளே வை என்கிறாய்.

இனி தேயிலைக்கு வருகிறேன். உன்னோடு பேசி முடித்த கோபத்தில் அந்த டப்பாவை அலமாரி மேல் போட்டுவிட்டேன். ஒரு வாரம் தொடவில்லை. பிறகு ஒரு மத்தியானம், மழை விட்டிருந்தது, வீட்டில் யாரும் இல்லை. அப்படி என்னதான் இருக்கிறது இதில், உன் மாமனார் பால் டீ குடிக்காத அளவுக்கு என்று எடுத்தேன். நீ சொன்ன மாதிரியே செய்தேன். தண்ணீர் கொதித்ததும் இறக்கி, ஆற விட்டு, கண்ணாடித் தம்ளரில் கொஞ்சம் அரும்பு போட்டு ஊற்றி, தட்டால் மூடினேன். தட்டை எடுத்துப் பார்த்தபோது தண்ணீர் வைக்கோல் நிறத்தில் இருந்தது. முதலில் மேலே மிதந்த அரும்புகள் ஊறிப் பருத்து, பச்சை பிடித்து, ஒன்றிரண்டு தம்ளரின் அடியில் செங்குத்தாக நின்றன. விரலால் ஒன்றை எடுத்துப் பிதுக்கினேன். அப்போதுதான் இது எனக்குத் தெரிந்த சாமான் என்று கண்டுபிடித்தேன்.

உனக்கு இதை நான் சொன்னதே இல்லை. என் அம்மா மலையில் கொழுந்து பறித்தவள். இரண்டு இலையும் ஓர் அரும்பும் சேர்த்துத்தான் கிள்ள வேண்டும், அது அங்கே சட்டம். அரும்பை மட்டும் கிள்ளினால் கூடையில் எடை நிற்காது, செடியும் பாழ். எனக்கு அப்போது ஏழெட்டு வயது இருக்கும். அம்மாவுக்குச் சோறு கொண்டுபோனவள், அவள் நிரையில் நின்று, மினுமினுப்பாக இருக்கிறதே என்று அரும்பாகக் கிள்ளிப் பாவாடையில் கட்டிக்கொண்டேன். பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருக்கும். கங்காணி பார்த்துவிட்டார். "புள்ள கிள்ளுனா என்ன, ஆத்தா கிள்ளுனா என்ன, ஒன் நெரதான?" என்று சொல்லி அம்மாவுக்கு அன்றைக்கு அரைப்பேர் போட்டார். நாள் முழுக்க வேலை செய்தவளுக்கு அரை நாள் கூலி என்றால் அரைப்பேர். அம்மா என்னை அடிக்கவில்லை. பாவாடையை அவிழ்த்து எல்லாவற்றையும் செடிக்கடியில் கொட்டச் சொன்னாள். வீட்டுக்கு வந்து, எப்போதும் குடிக்கும் தூளில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். கறுப்பாக, கசப்பாக, நாக்கில் சர்க்கரையை வைத்துக்கொண்டு குடிப்பது. அந்த மலையில் காய்ந்த அரும்பு என்ன ருசி என்று பறித்தவர்களில் யாருக்கும் தெரியாது.

இப்போது எனக்குத் தெரியும். நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன், எழுதிக்கொள். முதல் வாய்க்கு ஒன்றும் தெரியவில்லை, தீதி சொன்னது சரிதான் என்று தோன்றியது. இரண்டாவது வாயில் காய்ந்த புல் வாசம் வந்தது. விழுங்கிய பிறகு, எதிர்பாராமல், தொண்டையில் ஒரு இனிப்பு நின்றது. சர்க்கரை இனிப்பு இல்லை, இளநீர் வழுக்கையைத் தின்றுவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து வருமே அது. அதே அரும்பில் மறுபடி தண்ணீர் ஊற்றினேன், அப்போதும் இருந்தது. நல்ல தேநீர். மனம் ஒப்பித்தான் சொல்கிறேன், எனக்குப் பிடித்திருக்கிறது. மறுநாளும் போட்டேன். தீதிக்கு ஒழுங்காகப் போட்டுக் கொடுத்தேன், அவள் இன்னமும் சுடுதண்ணீர் என்றுதான் சொல்கிறாள். அவளுக்காக நான் என் நாக்கை மாற்றிக்கொள்ள முடியாது.

அந்தத் தம்ளரை வைத்துக்கொண்டு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கூடைக்காரியின் படத்தை. உன் மாமனார் இங்கே வந்து உட்காருவார். நான் டீயைக் கொண்டுவருவேன். அவர் டப்பாவை எடுத்துப் பார்த்து, எவ்வளவு பொறுமையாகப் பறித்திருக்கிறார்கள் பாருங்கள் என்று அந்தப் படத்தைப் பாராட்டுவார். பாராட்டுகிற ஆள்தான் அவர், அவர் மேல் எனக்குத் தப்பான எண்ணம் இல்லை. அப்போது அந்தக் கூடைக்காரியின் மகள், எதிரில், மேனேஜர் சம்சாரமாக வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். பால் வெட்டினவர் உள்ளறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். டப்பா மேல் இருக்கிறவளை மேசையில் வைக்கலாம், வீட்டில் இருக்கிறவர்களை வைக்கக் கூடாதா? இதற்கு உன்னிடம் பதில் இருந்தால் எழுது. ஆங்கிலத்தில் எழுதினாலும் சரி, எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்வேன். மூன்றாம் வகுப்பு வரைதான் எனக்குப் பள்ளிக்கூடம். மிச்சத்தை எல்லாம் சாமான் கட்டி வந்த பேப்பரிலும் தகர டப்பாவிலும்தான் படித்தேன். படித்தது வீண் போகவில்லை.

அவர்கள் உண்மை தெரிந்தால் உன்னைக் கேவலமாக நினைப்பார்கள் என்று பயப்படுகிறாய். நினைக்கலாம். கொஞ்ச நாள் முகம் சுளிக்கலாம். உன் மனைவி, என்னிடமே ஏன் சொல்லவில்லை என்று உன்னோடு சண்டை போடுவாள், போட வேண்டியதுதான். ஆனால் அவர்கள் கேட்டு முகம் சுளிப்பது பொய்க்காகவா, பால் வெட்டியதற்காகவா என்பது உனக்கே அப்போதுதான் தெரியும். அது தெரியாமல் அந்த வீட்டில் நீ எத்தனை வருஷம் இருப்பாய்? நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்தால், தாத்தா என்ன செய்தார் என்று அதுவும் கேட்கும். அதற்கும் தலையாட்டுவாயா? உயிரோடு இருக்கிறவரைப் பற்றிச் சொன்ன பொய்யை அவரே வந்து திருத்திக்கொள்வார். செத்தவருக்கு ஆள் நான்தான்.

ஆகவே நான் முடிவு செய்ததைச் சொல்கிறேன். இதில் மாற்றம் இல்லை, போனில் கெஞ்சினாலும் இல்லை. படம் இருக்கிற இடத்தில்தான் இருக்கும். நேற்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பூஞ்சையைத் துடைத்து, ஆணியையும் இறுக்கி அடித்துவிட்டேன். வருகிறவர்களுக்கு நாற்காலி அதற்கு நேர் எதிரே போடுவேன், வேறு இடமும் இந்த வீட்டில் இல்லை. யார் இவர் என்று கேட்டால், இவர்தான் என் வீட்டுக்காரர், கச்சாலில் பால் வெட்டினார், வெட்டு கொஞ்சம் சுமார் என்று சொல்வேன். நீ சொல்லி அவர்கள் வந்தால் அது ஒரு மாதிரி இருக்கும், நான் சொல்லித் தெரிந்தால் வேறு மாதிரி இருக்கும். எது வேண்டும் என்பது உன் இஷ்டம். அவர்கள் முதலில் ஹேவ்லாக் தீவுக்குப் போய் இரண்டு நாள் ரிசார்ட்டில் இருந்துவிட்டுத்தான் இங்கே வருகிறார்கள் என்றாய். கடற்கரையில் நடக்கும்போது சொல்லலாம். அதற்கும் முன்னால் கோயம்புத்தூரிலேயே சொன்னால் இன்னும் நல்லது.

சொல்லிவிட்டால் எனக்கு ஒரு போன் போடு. மீட்டிங் இல்லாத நேரமாகப் பார்த்துப் போடு. உன் மாமனாருக்கு இந்த வெள்ளைத் தேநீரை நானே போட்டுத் தருவேன். தண்ணீர் எவ்வளவு ஆற வேண்டும், எவ்வளவு நேரம் மூட வேண்டும் என்று இப்போது என் கைக்குத் தெரியும். அரைப்பேர் வாங்கிய கதையையும் அவருக்குச் சொல்வேன், எஸ்டேட் கதை என்றால் பிடிக்கும் என்கிறார்களே. சொல்லாமல் கூட்டிக்கொண்டு வந்தால் இஞ்சி தட்டிப் போட்ட பால் டீதான் கிடைக்கும், குடித்தாலும் சரி, குடிக்காவிட்டாலும் சரி.

தினமும் மத்தியானம் ஒரு தம்ளர் போட்டுக்கொள்கிறேன். இதை எழுதும்போதும் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. துணியில் தேய்த்தது போக டப்பாவில் பாதிதான் மிஞ்சியிருந்தது, இப்போது அதிலும் அடி தெரிகிறது. சீக்கிரம் சொல்.

உன் அம்மா,
பால் வெட்டினவர் சம்சாரம்